ஆஞ்சியோ கையிலா, தொடையிலா? மலையில் இருப்பவர்களுக்காக ஒரு பதில்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, முப்பது வருடமாகத் தேயிலை பறிக்கிறவர். சில மாதமாக மேடு ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது. கோயம்புத்தூரில் ஆஞ்சியோகிராம், அதாவது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் படம், எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துவிடலாம், கை வழியாகவே செய்துவிடலாம் என்றும் சொன்னார்களாம். ஆனால் சில வருடம் முன்னால் பெரியப்பாவுக்குத் தொடை வழியாகத்தான் செய்தார்கள். அதனால் வீட்டில் குழப்பம். "கையில் ஊசி போட்டுக் குழாய் விட்டால் அம்மாவால் அப்புறம் கொழுந்து பறிக்க முடியுமா? கை மரத்துப் போகுமா? தொடையிலேயே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, கையிலேயே செய்யட்டும். அதுவும் நீங்கள் மலைக்குத் திரும்பி வர வேண்டியவர்கள் என்பதால் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். நான் குன்னூர்க்காரி. கோயம்புத்தூரில் கேத் லேப், அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் அறையில், செவிலியராக 23 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். தொடை வழியாக மட்டுமே செய்த காலத்தையும் பார்த்தேன், கைக்கு மாறிய காலத்தையும் பார்த்தேன்.

முதலில் பெரியப்பாவுக்கு என்ன செய்திருப்பார்கள் என்று சொல்கிறேன். தொடை இடுக்கில் ஓடும் பெரிய தமனியில் ஊசி போட்டு, அதன் வழியே ஷீத் என்கிற சின்னக் குழாயைச் செருகி, அதற்குள் மெல்லிய கதீட்டரை இதயம் வரை கொண்டுபோவார்கள். வேலை முடிந்ததும் ஷீத்தை எடுக்க வேண்டும். அப்போது அந்த இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 15, 20 நிமிடம் நிற்பது எங்கள் வேலை. தோள்பட்டை வலித்தாலும் கையை எடுக்கக் கூடாது. அப்புறம் கட்டுப் போட்டு, சில இடங்களில் மணல் மூட்டையும் வைத்து, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வைப்போம். முதுகுவலி இருக்கிற வயதானவர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் பெரிய சோதனை. படுத்தபடியே சிறுநீர் கழிக்க வேண்டும். பெட்பான் வேண்டாம் என்று கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டே கிடந்த எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் டியூப் போட வேண்டி வரும்.

ஆனால் அதெல்லாம் சிரமம்தான், ஆபத்து இல்லை. ஆபத்து எங்கே என்றால், தொடைத் தமனி ஆழத்தில் இருக்கிறது. குத்திய இடம் கொஞ்சம் மேலே போய்விட்டால் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குப் பின்னால், முதுகுப் பக்கம் தேங்கும். கட்டு காய்ந்தே இருக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் போய்விடலாம்.

ஒருவரை என்னால் மறக்க முடியாது. குந்தா பக்கத்துப் பெரியவர். தொடை வழியாக ஸ்டென்ட் வைத்து மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் இடுப்பை மடக்கி உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் முதுகு வலிக்கிறது, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றாராம். மலைப்பாதையில் யாருக்குத்தான் தலை சுற்றாது? வீட்டில் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். குன்னூர் வந்தபோது முகம் வெளுத்து, நாடி பிடிபடவில்லை. உள்ளே ரத்தக்கசிவு. அங்கேயே ட்ரிப் ஏற்றி, ஆம்புலன்சில் மறுபடி கீழே கொண்டுவந்து, ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த வீட்டார் மீது எந்தத் தவறும் இல்லை. 'முதுகு வலித்தாலோ தலை சுற்றினாலோ வண்டியை நிறுத்துங்கள், அது மலைப்பாதை மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்' என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீலகிரி முகவரி எழுதிய ஒவ்வொரு கேஸ் ஷீட்டைப் பார்க்கும்போதும் நானே போய்ச் சொல்ல ஆரம்பித்தேன்.

இப்போது கைக்கு வருவோம். மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம், வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கும் இடம் இருக்கிறதே, அங்கே ஓடுவதுதான் ரேடியல் தமனி. தோலுக்கு நேர் கீழே இருக்கிறது, அதற்கு அடியில் எலும்பு இருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினாலே ரத்தம் நின்றுவிடும். கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். மருத்துவமே தெரியாத நீங்கள்கூட மலைப்பாதை வளைவில் காரை ஓரம் கட்டி, அம்மாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து அதை நிறுத்திவிட முடியும். கை வழியின் எல்லா நன்மைகளிலும் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

கை மரத்துப் போகுமா என்றால், உள்ளங்கைக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. கட்டை விரல் பக்கம் ரேடியல், சுண்டு விரல் பக்கம் அல்நார். இரண்டும் உள்ளங்கையில் ஒன்றோடொன்று சேர்ந்து வளைவாக ஓடுகின்றன. ஒன்றில் ஓட்டம் குறைந்தாலும் மற்றது கொடுக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவை முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு கையை விரிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டு விரல் பக்கத்தை மட்டும் விட்டால் சில நொடியில் சிவப்பு திரும்பும். ஆலன் சோதனை என்று இதற்குப் பெயர். இப்போது பல இடங்களில் இதைக் கட்டாயமாகச் செய்வதில்லை. இதில் சரியாகத் தெரியாதவர்களுக்கும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டது. அதனால் வீட்டில் செய்து பார்த்துச் சிவப்பு கொஞ்சம் தாமதமாக வந்தால் பயந்துவிடாதீர்கள்.

குழாயின் பருமனையும் சொல்லிவிடுகிறேன். கேத் லேப்பில் 'சிக்ஸ் பிரெஞ்ச்' என்பார்கள். ஒரு பிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, அந்தக் கதீட்டர் 2 மில்லிமீட்டர். ஆஞ்சியோகிராம் மட்டும் என்றால் ஃபைவ் பிரெஞ்சே போதும். தமனியின் உள்பருமன் பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

இது புதிதாக வந்த சோதனை முயற்சியும் இல்லை. கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ என்ற மருத்துவர் 100 பேருக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்து 1989ல் எழுதினார். 1992ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் இதே வழியில் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். அவர் கைக்கு மாறியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மிகக் கடுமையான மருந்துகளைக் கொடுத்தார்கள். ஸ்டென்ட் நன்றாக இருக்கும், தொடையில் ரத்தம் நிற்காது. அழுத்தினால் நிற்கிற இடமாகப் பார்த்துப் போனால் என்ன என்று யோசித்ததில் பிறந்த வழி இது.

அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. 2011ல் வெளியான ரைவல் ஆய்வில் 32 நாடுகளில் 7,021 நோயாளிகள். குத்திய இடத்து ரத்தக்குழாயில் பெரிய சிக்கல் வந்தது கை வழியில் 1.4 சதவீதம், தொடை வழியில் 3.7 சதவீதம். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2015ல் மேட்ரிக்ஸ் ஆய்வு, 8,404 பேர், எல்லோரும் மாரடைப்போ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள். அதில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் கை வழியில் 1.6 சதவீதம், தொடை வழியில் 2.2 சதவீதம். 2020ல் கனடாவில் வந்த இன்னொரு ஆய்வில் மரணத்தில் வித்தியாசம் இல்லை. தொடை வழியில் நன்றாகத் தேர்ந்தவர்கள், மருந்தைப் பார்த்துக் கொடுத்துச் செய்தால் அதுவும் பாதுகாப்புதான். ஆனாலும் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல்கள் இரண்டும் இன்று கைக்கே முதல் இடம் கொடுக்கின்றன.

குத்திய இடத்தில் வரும் ரத்தக்கசிவு உயிரை எப்படிப் பாதிக்கும் என்று நினைக்கலாம். ரத்தம் போனால் அது நிற்பதற்காக, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் புதிதாக வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். கொடுத்தாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. அந்த நிலைக்கே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். பெண்களுக்கு, வயதானவர்களுக்கு, எடை குறைந்தவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து பொதுவாகவே அதிகம். உங்கள் அம்மா இந்தப் பட்டியலில் வருகிறார்.

உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது, இருந்தாலும் மலையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் 85 கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணி நேரம், சீசனில் கூடவும் ஆகும். முழு மாரடைப்பு வந்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்க முடியாது என்றால், பக்கத்து மருத்துவமனையிலேயே உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் கேத் லேப்புக்கு அனுப்புவதுதான் முறை. தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் செய்து, 2017ல் வெளியான ஆய்வு இந்த ஏற்பாட்டைத்தான் சோதித்தது. சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துச் செய்தார்கள். 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக, மலையிலிருந்து கேத் லேப் மேசைக்கு வரும் மாரடைப்பு நோயாளியின் உடம்பில் கரைக்கும் ஊசி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்குத் தொடையில் ஊசி போடும்போது எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். கையில் என்றால் அந்தப் பயம் பெருமளவு இல்லை.

சரி, கையில் என்னென்ன தொல்லை வரும்? முதலாவது, தமனி சுருங்கிக் கதீட்டரை இறுகப் பிடித்துக்கொள்வது. பயம், வலி, குளிர் மூன்றும் சேர்ந்தால் வரும். பெண்களின் தமனி மெல்லியது, அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அதைத் தளர்த்த நைட்ரோகிளிசரின், வெரப்பமில் மாதிரி மருந்தை ஷீத் வழியாகவே கொடுப்பார்கள். அது போகும்போது சில நொடிகளுக்குக் கை முழுக்க எரிகிற மாதிரி இருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெரிந்திருந்தால் பதற மாட்டார். கேத் லேப்பில் ஏசி குளிர் அதிகம். நம் ஊர்க் குளிரிலிருந்து விடியற்காலை கிளம்பிப் போகிறவர்களின் கை ஏற்கெனவே ஜில்லென்று இருக்கும். போர்வை கேளுங்கள், கையைச் சூடாக வைத்திருக்கட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். அதுவும் தமனியைச் சுருக்கும்.

இரண்டாவது, பிறகு அந்தத் தமனியே அடைத்துப் போவது. நூற்றில் சிலருக்கு நடக்கிறது. அல்நார் தமனி இருப்பதால் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. ஆனால் அடுத்த முறை அந்த வழி கிடைக்காது, அதனால் அதைத் தடுக்க வேண்டும். ஹெப்பாரின் சரியான அளவில் கொடுப்பது ஒன்று. வேலை முடிந்ததும் மணிக்கட்டில் கட்டும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பட்டை இன்னொன்று. அதற்குள் ஊசி சிரிஞ்சால் காற்று அடைப்போம். ரத்தம் வெளியே வராத அளவுக்கு மட்டும் அழுத்தம் இருக்க வேண்டும், உள்ளே ஓட்டம் நிற்கக் கூடாது. இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு என்று நினைத்து முழு இறுக்கமாகக் கட்டுவது தவறு. இளம் செவிலியர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். இரண்டு மணி நேரம் வாக்கில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். முன்கை முழுக்க வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி தாங்காமல், விரல்கள் மரத்துப் போனால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி கொஞ்சம் கன்றிப்போய் நீலமாகத் தெரிவது ஒரு வாரத்தில் மறைந்துவிடும்.

டாக்டரே தொடைதான் வேண்டும் என்று சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. நாடி ரொம்ப மெலிவாக இருந்தால், தோள் பக்கத்து ரத்தக்குழாய் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தால், பெரிய குழாய் தேவைப்படும் சிகிச்சை என்றால், ரத்த அழுத்தம் விழுந்து இதயத்துக்குத் துணைக் கருவி வைக்க வேண்டியிருந்தால் தொடைதான் வழி. டயாலிசிஸ் செய்கிறவர்கள், சிறுநீரகம் கெட்டு அந்த நிலையை நெருங்குகிறவர்கள் கையின் ரத்தக்குழாயைப் பத்திரப்படுத்த வேண்டும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் ஆரம்பித்து, முடியாமல் தொடைக்கு மாறுவதும் நடக்கும். ரைவல் ஆய்வில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு அப்படி மாற வேண்டி வந்தது. மாறினால் அது தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "நீங்கள் வழக்கமாகக் கை வழியாகத்தான் செய்வீர்களா?" என்பது. தினமும் கையில் செய்கிறவர் செய்வதற்கும் எப்போதாவது செய்கிறவர் செய்வதற்கும் நிறைய வித்தியாசம்.

இனி புறப்படுவதற்கு முன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருப்பார்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகப் போக வேண்டும், அதனால் முடிந்த பிறகு தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், டாக்டர் அளவு சொன்னால் அந்த அளவுக்கு. இரண்டு கையிலும் வளையல், கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றட்டும். வருடக்கணக்கில் போட்டு இறுகிப்போன வளையலைக் கேத் லேப் வாசலில் சோப்பு போட்டு இழுத்து, கை கன்றி, கடைசியில் அறுத்து எடுத்த நாட்கள் உண்டு. மணிக்கட்டில் இறுகப் பிடிக்கும் கம்பளி ஸ்வெட்டர் வேண்டாம். முன்பக்கம் திறக்கிற, கை அகலமான ஒன்று போதும், மேலே சால்வை.

ஆஞ்சியோகிராம் மட்டும் என்றால் அன்றே அனுப்பிவிடுவார்கள். எழுந்து நடப்பார், உட்கார்ந்து சாப்பிடுவார், கழிப்பறைக்குத் தானே போவார். அதற்காகச் சாயங்காலமே மலை ஏறாதீர்கள். குஞ்சப்பனை தாண்டும்போது இருட்டியிருக்கும், பனி இருக்கும், யானை நின்றால் வண்டி அங்கேயே நிற்கும். கீழே உறவினர் வீட்டிலோ ஒரு லாட்ஜிலோ இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். பஸ்ஸில் வருவதானால் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்காத மாதிரி சீட் கிடைக்கும் பஸ்ஸில் ஏற்றுங்கள். வழியில் கசிந்தால் குத்திய இடத்திலும் அதற்குச் சற்று மேலும் கட்டை விரலால் அழுத்தி, கையை உயர்த்தி, பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடியுங்கள். துணியைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம். நிற்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது மேட்டுப்பாளையம், கோத்தகிரி, எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனை.

வேலை பற்றிக் கேட்டீர்கள். முதல் நாள் மணிக்கட்டை மடக்கக் கூடாது, ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் அந்தக் கையைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது, பாத்திரம் துலக்குவதும் அதில் சேர்த்தி. குடம், விறகு, கொழுந்து மூட்டை ஒரு வாரத்துக்கு வேண்டாம். கொழுந்து பறிப்பதில் கையால் கிள்ளுவது பரவாயில்லை, கத்தரி பிடிப்பதுதான் மணிக்கட்டைப் படுத்தும். காலை நேரத்து ஈரச் செடியில் புண் நனைந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு வாரம் முழுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு, திரும்பும்போது முதலில் கிள்ளும் வேலைக்கும் அப்புறம் கத்தரிக்கும் போகட்டும். இது கைக்கான கணக்கு. ஸ்டென்ட் வைத்தால் இதயத்துக்கான ஓய்வு எத்தனை நாள் என்பதை டாக்டர் தனியாகச் சொல்வார், அதில் மேடு ஏறுவதையும் சுமை தூக்குவதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கு உங்கள் தோட்டத்துச் சரிவு எப்படி இருக்கும் என்று தெரியாது.

இன்னொன்று, எந்தக் கை என்பது. பொதுவாக வலது கையில் செய்வார்கள், டாக்டர் நிற்கும் பக்கம் அது. உயரம் குறைந்த வயதான பெண்களுக்கு இடது கை வழியாகப் போனால் சில சமயம் வளைவு குறைவாக இருக்கும், அதனால் இடதையும் தேர்ந்தெடுப்பார்கள். அம்மா கத்தரி பிடிக்கும் கை எது, எந்தக் கையில் எப்போதாவது எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை ஷீத் போடும் முன்னால், மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னாலேயே செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.